நரம்பின் உறை



மாமல்லபுரத்துக் கடற்கரையை அடுத்த சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இரண்டு ஓசைகள் தாலாட்டாக அமைந்துவிடும். ஒன்று அலையோசை, மற்றொன்று உளியோசை. பல்லவர் காலத்தில் அங்கே பாறையைக் குடைந்த உளியின் ஓசை இன்னும் ஓய்ந்துவிடவில்லை. தெருவுக்குத் தெரு கற்பட்டறைகள். பட்டறைக்குப் பட்டறை தெய்வத் திருமேனிகள்.

எங்கள் தெருவிலும் ஒரு சிற்பி இருந்தார். உறவினர் அல்லர், ஆயினும் 'மாமா' என்றே அவரை அழைத்து வந்தேன். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு ஊர் வந்தவன், ஒரு நாள் மாலை அவருடைய பட்டறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மழுங்கிய உளிகளை உலையில் காய்ச்சி, அடித்துக் கூரேற்றி, வரிசையாகக் கல்லின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் இடக்கையைக் கல்லில் ஊன்றி, வலக்கையால் எதையோ எட்டி எடுக்க முயன்றார். இடக்கையின் சுண்டுவிரல் ஓரம், இன்னும் சூடு ஆறாத ஓர் உளியின்மேல் படிந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. தோல் கருகும் நாற்றம் முதலில் எனக்குத்தான் எட்டியது.

"மாமா, கை!" என்று கூவினேன்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல் வேலை செய்கிற கை, தம்பி. காய்த்துப் போயிற்று. சூடெல்லாம் அதற்குத் தெரியாது" என்றார்.

நானும் சிரித்தேன். உழைப்பால் உரம் ஏறிய கை என்று வியக்கவும் செய்தேன். அந்தக் கைக்குள் ஓடும் நரம்புகளின் பெயர்களையெல்லாம் அதற்கு முந்திய மாதம்தான் தேர்வில் பிழையின்றி எழுதிவிட்டு வந்திருந்தேன்! அந்தச் சிரிப்புக்கு ஈடாக இன்று இந்தப் பேச்சை உங்கள் முன் வைக்கிறேன்.

நரம்பு என்று நாம் சொல்வது ஒற்றை இழை அன்று. மீனவர் கையாளும் வடத்தை நினைத்துப் பாருங்கள். பல புரிகள் சேர்ந்து வடமாவதுபோல, ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் சேர்ந்து ஒரு நரம்பு ஆகிறது. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீண்ட கரமாகும். விரல் நுனியில் நிகழ்வதை மேலே சொல்லும் இழைகள் சில; மேலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் இழைகள் சில. செய்தி செல்லும் முறை மின்சார முறை. இழையின் மேற்சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. வெளியேயுள்ள சோடியம் உப்பின் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலால் நேரும் மின்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கிறது. இவ்வாறு ஓரிடத்து எழுச்சி அடுத்த இடத்து எழுச்சிக்குக் காரணமாகிச் செய்தி நகர்கிறது.

இவ்வாறு அடிக்கு அடி நின்று நகர்ந்தால் காலம் செல்லும். வேகம் வேண்டுமானால் இழையைத் தடிப்பாக்க வேண்டும். எங்கள் கடலில் வலைக்கு அகப்படும் ஊசிக் கணவாயின் இனம் இந்த வழியைத்தான் கைக்கொண்டது. அவ்வினத்தில் சிலவற்றின் பெருநரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். வெறுங் கண்ணால் காணலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அந்தக் கணவாயின் இழையை ஆராய்ந்தே நரம்பின் மின்சார இரகசியத்தை வெளிப்படுத்தி, 1963-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அத்துணைத் தடித்த இழையிலும் செய்தி வினாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. நம் கையிலுள்ள இழை அதில் நூற்றில் ஒரு பங்கு தடிப்பே உடையது; ஆனால் அதில் செய்தி வினாடிக்கு 50 மீட்டருக்கும் மேலான வேகத்தில் விரைகிறது. நம் உடலின் மிக விரைவான இழைகளில் அது 120 மீட்டரையும் எட்டும். இந்த விந்தைக்குக் காரணம் அதன்மேல் போர்த்தியுள்ள உறை. 'மயலின்' என்று அதற்குப் பெயர். 1854-ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ.

இவ்வுறை எவ்வாறு உண்டாகிறது? நரம்பிழை தானே அதை நெய்துகொள்வதில்லை. இழையின் நெடுகிலும் துணையணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கண்டறிந்த தியோடர் ஷ்வான் பெயராலேயே அவை ஷ்வான் அணுக்கள் என்று வழங்குகின்றன. தலைப்பாகை கட்டுபவர் துணியைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல, ஒவ்வொரு ஷ்வான் அணுவும் தன் உடம்பின் விளிம்பையே மெல்லிய ஏடாக நீட்டி, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்துச் சுற்று, ஐம்பது சுற்று, சில இடங்களில் நூறு சுற்றும் உண்டு. சுற்றச் சுற்ற ஏடுகளுக்கு இடையேயுள்ள நீர் பிழியப்பட்டுக் கொழுப்பு மிகுந்த அடுக்குகளே எஞ்சுகின்றன. இந்தச் சுருளை மின்னணு நுண்பெருக்கியால் கோழிக் குஞ்சின் கருவில் கண்டு, 1954-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் பெட்டி கெரன் என்னும் அமெரிக்கப் பெண்மணியார். எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதை ஷ்வான் அணு தானாக முடிவு செய்வதில்லை. நரம்பிழை தன் மேற்பரப்பில் நியூரெகுலின் என்ற ஒரு புரதத்தை ஏந்தி நிற்கிறது. துணையணுவின் கதவிலுள்ள பூட்டுக்கு அதுவே சாவி. சாவியின் அளவு மிகுந்தால் சுற்றும் மிகும், குறைந்தால் குறையும்.

ஓர் அணு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பகுதியைப் போர்த்தும். அடுத்த பகுதியை அடுத்த அணு போர்த்தும். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறு இடைவெளி உண்டு. 'ரான்வியர் கணு' என்பார்கள். கரும்பின் கணுவைப் போல என்று கொள்ளலாம். சோடிய வாயில்கள் இந்தக் கணுக்களிலேதான் குவிந்து கிடக்கின்றன. இடையிலுள்ள உறை, மின்கம்பியின்மேல் சுற்றிய ரப்பரைப் போல, மின்னோட்டம் கசிந்து போகாமல் காக்கிறது. ஆகவே செய்தி கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கி நிலையந்தோறும் நின்று வரும் மின்சார வண்டி ஒரு வகை; தாம்பரத்தை விட்டால் செங்கற்பட்டில்தான் நிற்பேன் என்று வரும் விரைவு வண்டி மற்றொரு வகை. உறையுள்ள இழை விரைவு வண்டி.

உறையற்ற இழைகளும் நம் உடம்பில் உண்டு. சூட்டையும், மந்தமான வலியையும் சுமப்பவை அவற்றுட் பல. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் ஊர்ந்து செல்பவை அவை. வெறுங்காலால் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுருக்'கென்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து எரிச்சலாக மற்றொரு வலியும் வருவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். முன்னது உறையுள்ள இழையில் வந்த செய்தி. பின்னது உறையற்ற இழையில் வந்த செய்தி. இந்த உறையற்ற இழைகளும் தனித்து விடப்படவில்லை. ஷ்வான் அணுக்கள் பல இழைகளை ஒன்றாக அணைத்துக்கொண்டு, சுற்று மட்டும் சுற்றாமல் காத்து நிற்கின்றன. இதை நினைவில் வையுங்கள். சிற்பியின் கதைக்கு இது வேண்டும்.

இவ்வுறை கெட்டால் என்ன ஆகும்? கணுவிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் வழியிலேயே கசிகிறது. அடுத்த கணுவை எட்டும்போது அதற்கு வலு இருப்பதில்லை. செய்தி தாமதமாகிறது, பிறகு தடைப்பட்டே போகிறது. உறைக்குக் காவலாக நின்ற அணு இழைக்கு ஊட்டமும் அளித்து வந்தது. அதுவும் கெட்டால் நாளடைவில் இழையே மடிகிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் உறை சுற்றும் அணுக்கள் வேறு வகை. அங்கே உடலின் காவற்படையே தவறிப்போய் உறையைத் தாக்கும் நோய் ஒன்றைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1868-ஆம் ஆண்டில் விளக்கினார். அது மேலைநாடுகளில் மிகுதி. நம் நாட்டில், அதிலும் செங்கற்பட்டுச் சீமையில், நரம்பின் உறையைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைக்க வேண்டிய நோய் வேறு. அது தொழுநோய்.

தொழுநோய் தோல் நோய் என்றே பலர் எண்ணுகின்றனர். தோலில் காண்பது அதன் நிழல். அதன் இருப்பிடம் நரம்பு. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த அந்நோயின் கிருமி, ஷ்வான் அணுவைத் தேடிச் சென்று குடியேறுகிறது. அது மிக மெல்லப் பெருகும் கிருமி. ஒன்று இரண்டாவதற்கே இரண்டு வாரம் போல் ஆகும். செயற்கை உணவில் அதை வளர்க்க இன்றுவரை இயலவில்லை. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உகந்தவை. ஆதலால் தோலுக்கு அருகே, மேலோட்டமாகச் செல்லும் நரம்புகளை அது நாடுகிறது. முழங்கையின் உட்புறத்து எலும்புக் குமிழை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்னல் பாய்ந்தாற்போல் இருக்குமே, அந்த நரம்பு அவற்றுள் முதன்மையானது.

உறை சுற்றாத ஷ்வான் அணுக்களில்தான் கிருமி பெரிதும் குடிகொள்கிறது. சூட்டுணர்ச்சி முதலிலேயே மங்குவதற்கு இது ஒரு காரணம். உறையுள்ள இழைகளும் தப்புவதில்லை. ராம்புக்கானா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2002-ஆம் ஆண்டிலும் 2006-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை விளக்கின. சற்று முன்பு ஒரு பூட்டும் சாவியும் சொன்னேன் அல்லவா? சாவிக்கு உரிய நியூரெகுலினைக் கேளாமலே, கிருமி அந்தப் பூட்டைக் கள்ளச் சாவியிட்டுத் திறந்துவிடுகிறது. 'உறையைக் கழற்று' என்ற பொய்க் கட்டளை உள்ளே பிறக்கிறது. அணுவும் தான் சுற்றிய சுருளைத் தானே கலைக்கிறது. இதன்பின் வருவது மற்றொரு கேடு. உள்ளே பகைவன் இருப்பதை உடலின் காவற்படை ஒரு நாள் உணர்ந்து நரம்புக்குள் பாய்கிறது. நரம்பு வீங்குகிறது, வலிக்கிறது, அந்தப் போரில் பகைவனைவிட நரம்பே மிகுதியாக அழிகிறது.

பட்டறையில் நான் சிரித்துவிட்டு வந்து பத்து மாதம் கழித்து, மறுபடியும் ஊருக்குப் போனேன். மாமாவின் இடக்கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கி போல் மடங்கியிருந்தன. முழங்கைக்கு மேலே அரிப்பற்ற வெளிறிய படை ஒன்று. முழங்கையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. பஞ்சை எடுத்துச் சுண்டுவிரலில் தடவிக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்த அவர், "எப்போது தொடப் போகிறாய், தம்பி?" என்றார்.

அடுத்த நாள் அவரும் நானும் பேருந்தில் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தைக் கடந்து செங்கற்பட்டை அடையும்வரை அவர் பேசவில்லை. இறங்கியதும், "பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் எவருக்கும் சொல்லிவிடாதே" என்றார். கையைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லை.

நாங்கள் சென்ற இடம் செங்கற்பட்டை அடுத்த திருமணி. அங்கே 1924-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் இல்லம் ஒன்று நிறுவப்பெற்றது. 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசு அதை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கிற்று. அந்த இல்லத்தில் பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன். சல்போன் வகை மருந்துகள் தொழுநோய்க்குப் பயன்படத் தொடங்கிய 1940-களில் அவற்றை நம் நாட்டில் முற்பட்டுக் கையாண்டவர்களுள் அவர் ஒருவர்.

1947-ஆம் ஆண்டில் காக்ரேனின் அழைப்பின்பேரில் வேலூரிலிருந்து ஓர் எலும்பு அறுவை மருத்துவர் அங்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் அவர். மடங்கிய கையோடு நின்ற இளைஞன் ஒருவனிடம், தம் கையை இறுகப் பற்றுமாறு அவர் சொன்னார். பற்றிய பிடியில் அவருக்கு வலி உயிர் போயிற்று. அப்பொழுதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. கையிலுள்ள தசைகள் எல்லாம் சாகவில்லை. முன்கையில் வலிய தசைகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்களை நிமிர்த்தலாம். அவர் கண்ட மற்றோர் உண்மை அதனினும் பெரிது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கை, சூட்டையும் கூர்மையையும் உணராமல், நாள்தோறும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது. காயம் சீழ் கொள்கிறது; எலும்பு கரைகிறது; விரல் குறுகுகிறது. வலி என்பது நமக்கு வாய்த்த காவலாளி. அவனை இழந்த வீட்டில் யார்தான் புகமாட்டார்!

மாமாவுக்கு ஆறு மாதம் கூட்டு மருந்து கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. கிருமி ஒழிந்தது. நோய் முற்றிலும் குணமாயிற்று. ஆனால் சுண்டுவிரலின் உணர்ச்சி திரும்பவில்லை. நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், வீக்கத்தைத் தணிக்கும் மருந்துகளால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். உறை மட்டும் கலைந்த நிலையில், ஷ்வான் அணுக்கள் மீண்டும் சுற்றத் தொடங்கும். புதிய உறை சற்று மெல்லியதாகவும் குறுகியதாகவும் அமைந்தாலும் செய்தி செல்லும். இழையே மடிந்துவிட்டால் மீளும் வேகம் நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான்; அதுவும் வழி அடைபடாமல் இருந்தால். அந்த ஆறு மாதத்தை விழுங்கியது எது என்று எனக்குத் தெரியும். கிருமி அன்று, என் சிரிப்பு.

பிறகு நடுவிரலின் இரண்டு மடக்கு நாண்களில் ஒன்றை எடுத்து, மடங்கிய விரல்களுக்கு மாற்றித் தைத்தார்கள். விரல்கள் நிமிர்ந்தன. மாமா மறுபடியும் உளி பிடித்தார். உளியின் தண்டில் தடித்த துணி சுற்றிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் மாலையில், வேலை முடிந்து கை கழுவியதும், விளக்கடியில் அமர்ந்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விரல் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் என்று திருமணியில் அவருக்குக் கற்பித்திருந்தார்கள். பெண்ணின் திருமணமும் நடந்தது. சிலர் பந்தியில் உட்காரவில்லை. மாமா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்நோய் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. மருந்து உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவும் அச்சம் நீங்குகிறது. மருந்து நாடெங்கும் அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. நோயாளியோடு நெருங்கி வாழ்பவர்களுக்கு முன்காப்பாக ஒரே வேளை மருந்து கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோயாளர் தொகையைக் கொண்டுவந்துவிட்டதாக இந்தியா 2005-ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது. அத்துடன் நோய் ஒழிந்தது என்று நாம் மறந்துவிட்டோம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர் இன்றும் நம் நாட்டவரே. சட்டமும் மெதுவாகத்தான் விழித்தது. நோயாளரைப் பிரித்து அடைக்க இடங்கொடுத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீங்கியது. மணமுறிவுக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன.

மனிதர் நெஞ்சிலுள்ள சட்டம் இன்னும் நீங்கவில்லை. அந்த அச்சமே நோயாளியை ஒளியச் செய்கிறது. ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பின் உறை ஒரு சுற்று அவிழ்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே நேயர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இன்று இரவு உங்கள் வீட்டில் உள்ளவர்களின் கைகளைப் பாருங்கள். அரிப்பும் உணர்ச்சியும் இல்லாத வெளிறிய படை உண்டா? சூடு தெரியாத விரல் உண்டா? அடுப்படியில் அடிக்கடி சுட்டுக்கொள்பவர், செருப்பு கழன்றதை அறியாமல் நடப்பவர், கையிலிருந்து பாத்திரம் நழுவ விடுபவர் உண்டா? "உழைத்த கை, காய்த்துப் போயிற்று" என்று அவர் சொன்னால் என்னைப் போலச் சிரித்துவிடாதீர்கள். ஒரு சிறு பஞ்சை எடுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மெல்லத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேளுங்கள்.